துறையில் நிற்கும் படகு: தூக்கிவைத்த பிறகும் அடிப்பாகம் கொப்புளித்தது ஏன்?

படகின் நீளம் 7.2 மீட்டர், அகலம் 2.45 மீட்டர். உடல் முழுக்க ஃபைபர், மேலே ஜெல்கோட் எனும் பளபளப்பான பிசின் பூச்சு. பின்னால் 150 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று. நிற்பது உப்புநீரில், கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவை ஜெட்டியில். வாரத்தில் ஒரு நாள் ஓடும். மற்ற ஆறு நாளும் கட்டிக் கிடக்கும்.

அந்த ஆறு நாள்தான் இந்த ஆய்வின் மையம். துறையில் நிற்கும் படகின் அடிப்பாகத்தைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, ஓய்வு. தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. இந்தப் படகு தூக்கிவைக்கப்பட்டது, பாசி நின்றது. ஆனால் பதினான்கு மாதத்தில் அடிப்பாகத்தில் புதிதாகக் கொப்புளம் வந்தது. தண்ணீரை விட்டு வெளியே இருப்பதும் உலர்ந்திருப்பதும் ஒன்றல்ல.

முதல் நிலை: தண்ணீரிலேயே கிடந்த படகு

புகார் எஞ்சினைப் பற்றித்தான் வந்தது. முழு திராட்டிலில் நிமிடத்துக்கு 5,600 சுற்று ஓடியது 5,000-ஐத் தாண்டவில்லை. படகு எழும்பிப் பாய அதிக நேரம் எடுத்தது. இந்த இடத்தில் பலர் புரொப்பெல்லரை மாற்றிப் பார்ப்பார்கள். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர் போட்டால் சுற்று ஏறும், நோய் மறையும், டீசலோ பெட்ரோலோ தொடர்ந்து வீணாகும். அடிப்பாகத்தைப் பார்க்காமல் புரொப்பெல்லரைத் தொடக் கூடாது.

கரையேற்றிப் பார்த்தபோது அடிப்பாகம் முழுக்க வழவழப்பான படலம். ஏராவை (அடிப்பாகத்தின் நடு முதுகெலும்பை) ஒட்டியும் டிரான்சத்தின் (படகின் பின்சுவரின்) கீழ் மூலைகளிலும் கொட்டலசு எனும் ஓட்டு உயிரி. எஞ்சினின் குளிர்நீர் உறிஞ்சும் துளைகளில் பாதி அடைப்பு. நீர்மட்டக் கோட்டை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு 8 முதல் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள கொப்புளங்கள்.

பாசி பிடிப்பது ஒரே நாளில் நடக்கும் விஷயம் அல்ல, ஆனால் தொடங்குவது உடனே. சுத்தமான பரப்பு தண்ணீரில் இறங்கிய சில நிமிடங்களிலேயே கரிமப் பொருள்கள் அதில் ஒட்டத் தொடங்கும். மணிக்கணக்கில் பாக்டீரியா வரும். சில நாளில் டயாட்டம் எனும் நுண்பாசி சேர்ந்து வழவழப்புப் படலம் ஆகும். அதன் பிறகு பச்சைப்பாசியின் வித்துகளும் கொட்டலசின் குஞ்சுகளும். கொட்டலசுக் குஞ்சு பரப்பில் ஊர்ந்து இடம் தேடி, பிடித்த இடத்தில் தலையைக் கீழே வைத்துப் பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது நகராது. வழவழப்பாக இருக்கும்போது துடைத்தால் கடற்பஞ்சு போதும். ஓடு கட்டிய பிறகு சுரண்டி வேண்டும்.

பாசி எதிர்ப்புப் பெயிண்ட் பூசியிருந்தார்களே என்ற கேள்வி வரும். பூசியிருந்தது உண்மைதான். ஆனால் அது மெல்லத் தேய்ந்து புதுப் பரப்பைக் காட்டும் வகை. அந்த வகைக்கு நீர் உராய்ந்து ஓட வேண்டும். ஆறு நாள் அசையாமல் நிற்கும் படகில் மேற்பரப்பிலுள்ள செம்பு தீர்ந்துபோகும், அடியில் இருப்பது வெளியே வராது. பழைய காலத்தில் டிரைபியூட்டைல்டின் எனும் நஞ்சு கலந்த பெயிண்டுகள் இந்தக் குறையை மறைத்தன. கடலுயிர்களுக்கு அது செய்த கேட்டால், 2001-இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பர் 17 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம் அதைத் தடைசெய்தது. அதே ஒப்பந்தத்தின் கீழ் 2023 முதல் சைபுட்ரைன் எனும் பாசிக்கொல்லிக்கும் தடை. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் செம்பு ஆக்சைடை நம்பியவை. அவை நல்லவைதான், ஆனால் ஓடும் படகுக்கு.

கொப்புளத்தின் கதை வேறு. ஜெல்கோட் நீர்புகாத் தோல் அல்ல; நீர்மூலக்கூறு மெல்ல அதைக் கடக்கும். உள்ளே ஃபைபர் அடுக்கில் முழுதாக இறுகாமல் மிச்சமிருக்கும் கிளைக்கால் (glycol) போன்ற வேதிப்பொருள்கள் அந்த நீரில் கரையும். கரைசல் அடர்த்தியாக ஆக, சவ்வூடுபரவலால் இன்னும் நீர் உள்ளே இழுபடும், அழுத்தம் ஏறும், ஜெல்கோட் மேலெழும். வெதுவெதுப்பான நீரில் இது வேகமாகும். கடல்நீரைவிட நன்னீரில் இன்னும் வேகமாகும், ஏனென்றால் இரு பக்க அடர்த்தி வேறுபாடு அங்கே அதிகம். கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் வாடையுள்ள பிசுபிசுப்பான திரவம் பீறிடும். அது அமிலம், கண்ணாடி அணியாமல் குத்தக் கூடாது.

சுத்தம் செய்ததும் சீர்செய்ததும்

கரையேறிய உடனே, ஈரம் காயும் முன்பே அழுத்த நீர் அடிக்க வேண்டும். படலம் காய்ந்துவிட்டால் அரை மணி நேர வேலை அரை நாள் ஆகும். கொட்டலசை பிளாஸ்டிக் சுரண்டியால் தட்டி எடுத்தார்கள். ஓடு வந்துவிடும், வெள்ளை வட்டமாக அடித்தட்டு ஜெல்கோட்டிலேயே நிற்கும். அது சுண்ணாம்பு. நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் தடவி, நுரை அடங்கியதும் கழுவி எடுக்கலாம். எஞ்சின் காலிலோ, அரிப்பைத் தான் ஏற்று மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாக அனோடிலோ அமிலம் படக் கூடாது. உலோகச் சுரண்டியால் இந்த வட்டத்தைச் சுரண்டுவது ஜெல்கோட்டைக் கீறும்; அடுத்த கொட்டலசுக்கு அந்தக் கீறல்தான் முதல் பிடிமானம்.

பழைய பெயிண்டை நீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். செம்பு கலந்த தூசி நுரையீரலுக்குக் கேடு. உலர்ந்த உப்புத்தாள் வேலை கூடவே கூடாது. தேய்த்த கழிவுநீர் தரையில் விரித்த தார்ப்பாயில் சேர வேண்டும், துறையில் ஓடக் கூடாது.

கொப்புளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நல்ல ஃபைபர் தெரியும்வரை சட்டியின் வடிவில் சரிவாகத் தேய்த்தார்கள். அடுத்து வருவதுதான் பலர் தவிர்க்கும் படி: கழுவுதல். கிளைக்கால் எளிதில் ஆவியாகாது. வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் அது குழியிலேயே உட்கார்ந்திருக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். வெதுவெதுப்பான நன்னீரால் கழுவி, காயவிட்டு, மறுநாள் மறுபடி கழுவ வேண்டும். குழியில் ஈர லிட்மஸ் தாளை ஒட்டிப் பார்த்து அமிலம் காட்டாத வரை இதைத் தொடர வேண்டும்.

உலர்ந்ததா என்று அறிய ஈரமானி மட்டும் போதாது. செம்புப் பெயிண்ட் மிச்சம் இருந்தால் அது பொய் சொல்லும். நீர்மட்டத்துக்கு மேலே எப்போதும் உலர்ந்திருக்கும் பக்கச் சுவரின் அளவையும் அடிப்பாகத்தின் அளவையும் ஒப்பிடுவதே சரியான வழி. கூடவே ஒரு எளிய சோதனை: 30 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி, வெயில் படும் பக்கத்தில் ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்தால் இன்னும் காயவில்லை.

குழிகளை சிலிக்கா தூள் கலந்த எப்பாக்சி பட்டியால் நிரப்பினார்கள். பாலியெஸ்டர் பட்டி நீர்மட்டத்துக்குக் கீழே நிற்காது. ஒவ்வொரு எப்பாக்சி அடுக்கும் இறுகிய பின் மேலே மெழுகு போன்ற வழுக்கல் படியும். அதை வெறும் தண்ணீரும் நார்ப்பஞ்சும் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்த வழுக்கல் பரப்பு முழுக்கப் பரவி, அடுத்த பூச்சு தோலாக உரியும்.

அதன் மேல் எப்பாக்சி தடுப்புப் பூச்சு. காய்ந்த நிலையில் மொத்தம் 250 மைக்ரான் வேண்டும். ஐந்தாறு கோட்டு அடித்தால்தான் அது கிடைக்கும். அடிப்பாகத்தின் பரப்பு சுமார் 15 சதுர மீட்டர். 15 சதுர மீட்டரில் 250 மைக்ரான் என்றால் காய்ந்த கனஅளவு 3.75 லிட்டர். டப்பாவில் திடப்பொருள் பாதி என்றால் 7.5 லிட்டர்; உருளையிலும் தட்டிலும் போகும் சேதாரம் சேர்த்து 8.5 லிட்டர். இந்தக் கணக்குப் போடாமல் 5 லிட்டர் வாங்கி ‘ஆறு கோட்டு அடித்தோம்’ என்பவர்களின் படகில் 150 மைக்ரான்கூட இருக்காது.

மேலே பாசி எதிர்ப்புப் பெயிண்ட் பூசவில்லை. படகு இனி நீருக்கு மேலே தூக்கிவைக்கும் லிஃப்டில் நிற்கப் போகிறது என்பதால் இரண்டு பாக பாலியூரித்தேன் பெயிண்ட் இரண்டு கோட்டு. எப்பாக்சிக்கு வெயில் ஆகாது, பாலியூரித்தேன் குடையாக இருக்கும் என்பது கணக்கு. கணக்கு சரி, ஆனால் பாலியூரித்தேன் தொடர்ந்து நீரில் ஊறும் இடத்துக்கானது அல்ல. பின்னால் வந்த சிக்கலின் விதை இங்கே விழுந்தது.

எந்த வழியில் தூக்குவது

தூண்களில் கம்பிவடம் கட்டித் தூக்கும் லிஃப்ட் உறுதியானது. ஆனால் அதற்குக் கடற்தரையில் அடித்த நிலையான தூண் வேண்டும். இங்கே ஜெட்டியே மிதக்கிறது. அந்த வழி அடைபட்டது.

பிளாஸ்டிக் கட்டைகளைக் கோர்த்த மிதவை மேடையில் படகை ஓட்டி ஏற்றுவது இன்னொரு முறை. ஜெட்ஸ்கிக்கும் ஒரு டன்னுக்குக் குறைந்த படகுக்கும் அருமையானது. இரண்டு டன் படகை திராட்டில் கொடுத்து ஏற்றும்போது ஏராவின் முன்பகுதி ஒவ்வொரு முறையும் உரசும். பூசிய தடுப்புப் பூச்சு அந்தக் கோட்டில் சில மாதத்தில் தேய்ந்துவிடும்.

மூன்றாவது, படகைச் சுற்றித் தொட்டில் போலத் தொங்கும் தடித்த பிளாஸ்டிக் தாள் உறை. படகு உள்ளே நுழைந்ததும் வாசலை மூடி, பம்பால் உள்ளிருக்கும் நீரை இறைக்கிறோம். கடைசி வாளி நீர் வெளியேறும்வரை இறைத்து, உறை அடிப்பாகத்தில் ஒட்டாமல் காற்று நுழைய விட்டால் இது வேலை செய்யும். பாதி இறைத்து விட்டால் உறைக்கும் படகுக்கும் நடுவே தேங்கிய, வெயிலில் சூடேறிய நீர்தான் மிச்சம். மழை பெய்தால் அது நன்னீராகவும் ஆகும். கொப்புளத்துக்கு இதைவிட நல்ல பண்ணை கிடையாது. உள்ளே குளோரின் கொட்டிப் பாசியைக் கொல்லலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எஞ்சினின் உலோகத்தை அது அரிக்கும், வாசல் திறந்ததும் துறையில் உள்ள உயிர்களைக் கொல்லும். செய்யவே கூடாது.

தேர்ந்தது காற்று மிதவை லிஃப்ட்: அடியில் திறப்புள்ள இரண்டு நீள டேங்குகள், அவற்றை இணைக்கும் சட்டம், மேலே படகு அமரும் இரண்டு தாங்குகட்டைகள். புளோயர் காற்றை ஊதினால் டேங்கிலுள்ள நீர் அடித்துளை வழியே வெளியேறி லிஃப்ட் எழும். வால்வைத் திறந்தால் காற்று போய் அமிழும். ஒரு மீட்டர் ஆழத்து நீரைத் தள்ள சுமார் 0.1 பார் அழுத்தம் போதும். அதனால் கம்ப்ரஸர் தேவையில்லை.

எடைக் கணக்கு

பட்டியலில் அச்சிட்ட எடையை நம்பி லிஃப்ட் வாங்குவதுதான் மிகப் பரவலான தவறு. அது பெரும்பாலும் எஞ்சினும் எரிபொருளும் இல்லாத வெற்றுப் படகின் எடை. இந்தப் படகுக்கு இப்படிக் கூட்டினார்கள்: வெற்றுடல் 1,450 கிலோ, எஞ்சின் 220, 250 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 0.75 கிலோ வீதம் 188; இரண்டு பேட்டரி 50; குடிநீர் 60; நங்கூரம், சங்கிலி, கயிறு 60; மற்ற சாமான் 120. மொத்தம் 2,148 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 2,580. எனவே 3,000 கிலோ தாங்கும் லிஃப்ட்.

எடைக்கு நிகராக முக்கியம், எடை எங்கே குவிகிறது என்பது. ஒவ்வொரு பொருளின் எடையையும் டிரான்சத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் 2.5 மீட்டர் வந்தது. லிஃப்டின் டேங்குகளின் நடுப்புள்ளி இதற்கு நேர்கீழே இருக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் அந்தப் புள்ளிக்கு அருகே இருப்பதால், முழுதும் தீர்ந்தாலும் புள்ளி 2 சென்டிமீட்டர்தான் நகரும். ஆனால் அணியத்தில் (படகின் முன்முனையில்) இருக்கும் 60 கிலோ நங்கூரச் சாமானை இறக்கினால் 11 சென்டிமீட்டர் பின்னுக்குப் போகும். எடை சிறிதென்றாலும் நெம்பின் கை நீளம்.

ஆழமும் பார்க்க வேண்டும். எஞ்சினைத் தூக்கிய நிலையில் படகு 45 சென்டிமீட்டர் அமிழும். தாங்குகட்டை 15, டேங்கின் உயரம் 60, தரைக்கும் டேங்குக்கும் இடையே 30. ஆக 1.5 மீட்டர், அதுவும் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர் மிகவும் வற்றும் நேரத்தில் அளந்தது. இங்கே 1.7 மீட்டர் கிடைத்தது.

இரண்டாவது கொப்புளம்

லிஃப்டில் ஏறிய பிறகு முதல் ஆண்டு நிறைவாகவே போனது. பாசி இல்லை, சுற்று 5,600-க்குத் திரும்பியது. பதினான்காம் மாதம் படகைக் கரையேற்றியபோதுதான் தெரிந்தது: இரண்டு தாங்குகட்டைகளும் படும் இடத்தில் மட்டும், நீளவாக்கில் இரண்டு பட்டையாக, 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் நூற்றுக்கணக்கான சிறு கொப்புளங்கள். இரண்டு பட்டைகளுக்கு வெளியே ஒன்றுகூட இல்லை.

எந்த அடுக்கில் வந்தது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். குத்திப் பார்த்தபோது வந்தது தெளிந்த நீர். வினிகர் வாடை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. தோலை உரித்தால் அடியில் எப்பாக்சிப் பூச்சு முழுதாக, மினுமினுப்போடு இருந்தது. ஆக ஃபைபரில் நோய் இல்லை. பாலியூரித்தேன் தோல் மட்டும் எழும்பியிருக்கிறது. இந்த ஒரு சோதனை பெரிய செலவைத் தவிர்த்தது. கொப்புளம் என்றதும் முழு ஜெல்கோட்டையும் சீவி எடுக்கச் சொல்பவர்கள், முதலில் குத்தி முகர்ந்து பார்க்கட்டும்.

காரணம் தாங்குகட்டையின் மேல் போர்த்தியிருந்த கம்பளம். மென்மையாக இருக்கட்டும் என்றுதான் எல்லோரும் போடுகிறார்கள். ஒவ்வொரு முறை படகு இறங்கும்போதும் லிஃப்ட் கடலில் மூழ்கும். கம்பளமும் அடியிலுள்ள மரமும் உப்புநீரைக் குடிக்கும். படகு மேலே வந்து அமர்ந்ததும் இரண்டு டன் எடையில் அந்த ஈரத் துணி அடிப்பாகத்தோடு அழுந்தும். காற்று புக வழியில்லை. அதோடு உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சமையல் உப்பு நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் உப்புகளுக்கு அதைவிடக் குறைவே போதும். கடலோரத்தில் இரவு ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். எனவே பகலில் சற்றுக் காய்ந்த கம்பளமும் இரவில் தானே நனைகிறது. படகு வெளியே நின்றது. அந்த இரண்டு பட்டை மட்டும் ஆண்டு முழுக்க நீரிலேயே இருந்தது.

திருத்தம் இப்படி. கம்பளத்தைக் கிழித்து எறிந்து, மரக்கட்டையின் மேல் கெட்டி பாலித்தீன் பட்டிகளைக் குறுக்குவாட்டில் வைத்தார்கள்: ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் அகலம், இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, மேற்பரப்பில் நீர் வடியும் பள்ளங்கள். 316 ரக எவர்சில்வர் திருகுகள், தலை 5 மில்லிமீட்டர் ஆழம் அமிழ்த்தி. அடிப்பாகத்தில் கட்டை படும் இரண்டு பட்டைகளிலும் பாலியூரித்தேனைத் தேய்த்தெடுத்து, வெறும் எப்பாக்சி மேலும் இரண்டு கோட்டு. அங்கே வெயில் படாது, குடை தேவையில்லை. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் படகை 10 சென்டிமீட்டர் முன்பின் மாற்றி அமர்த்தினால் ஒரே இடம் தொடர்ந்து இடைவெளியின்றி அழுந்தாது.

பாலித்தீன் வழுக்கும். இதை மறந்தால் லிஃப்ட் சற்றே சாய்ந்து இறங்கும்போது படகு பின்னால் நழுவிவிடும். எனவே அணியத்தில் ஒரு தடுப்பு, பின்னால் இரண்டு கயிறு. இவை இல்லாமல் கம்பளத்தை எடுக்கக் கூடாது. அலுமினியப் படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பூச்சி அரிக்காமல் பதப்படுத்திய மரத்தில் செம்பு இருக்கும். ஈர மரம் அலுமினியத்தைத் தொட்டால் அந்த இடம் அரித்துக் குழியும். செம்புப் பெயிண்டும் அலுமினியத்துக்கு ஆகாது.

அதே ஆய்வில் வெளிவந்த வேறொரு குறை கொப்புளத்தைவிடக் கவலை தந்தது. தாங்குகட்டைகள் டிரான்சத்துக்கு 35 சென்டிமீட்டர் முன்பே முடிந்திருந்தன. எஞ்சினின் 220 கிலோ அந்தத் தாங்கலற்ற பகுதியில் தொங்கியது. 2 மீட்டர் நேர்கட்டையை அடிப்பாகத்தில் நீளவாக்கில் பிடித்துப் பார்த்தால் தாங்குகட்டை முடியும் இடத்துக்கு அருகே 3 மில்லிமீட்டர் உட்குழிவு. ஓடும்போது இந்தக் குழிவு பின்பகுதியைத் தூக்கி மூக்கைக் கீழே அழுத்தும். தாங்குகட்டைகளை டிரான்சத்தின் விளிம்புவரை நீட்டினார்கள். நீளம் மட்டுமல்ல, கட்டை எங்கே படுகிறது என்பதும் பார்க்க வேண்டும்: உள்ளே நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் எனும் தாங்குசட்டத்துக்கு நேர்கீழே. இரண்டு ஸ்ட்ரிங்கருக்கு நடுவில் பட்டால் அடித்தகடு உள்ளே வளையும்.

லிஃப்டும் கடலில்தான் இருக்கிறது

படகில் பிடிக்க முடியாத கொட்டலசு லிஃப்டின் டேங்கில் பிடிக்கும். எடை கூடுவதைவிடக் கேடு, மட்டியும் கொட்டலசும் அடித்துளைகளை அடைப்பது. ஒரு பக்க டேங்கில் நீர் மெதுவாக வெளியேறினால் லிஃப்ட் சாய்ந்தபடி எழும். சாய்வு தெரிந்த உடனே புளோயரை நிறுத்தி, முழுக்க இறக்கி, துளையைச் சுத்தம் செய்ய வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் ஊதினால் நிமிர்ந்துவிடும்’ என்று தொடர்வதுதான் படகைக் கவிழ்க்கும் வழி. ஆண்டுக்கு இருமுறை நீண்ட கழியில் கட்டிய சுரண்டியால் துளைகளையும் டேங்கின் அடியையும் சுரண்டினால் போதும்.

காலையில் வந்து பார்த்தால் லிஃப்ட் சற்று இறங்கியிருக்கிறது என்ற புகாரும் வந்தது. டேங்குகளின் மொத்தக் கொள்ளளவு 4.3 கனமீட்டர். இரவில் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அதன் கனஅளவு சுமார் 3 சதவீதம், அதாவது 0.13 கனமீட்டர் சுருங்கும். டேங்குகளின் கிடைப்பரப்பு 7.2 சதுர மீட்டர் என்பதால் லிஃப்ட் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இறங்கும். இது கசிவு அல்ல. டேங்கில் நீர்மட்டத்தை மார்க்கரால் குறித்து, அடுத்த நாள் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் பார்த்தும் கோடு நாளுக்கு நாள் அமிழ்ந்துகொண்டே போனால் சோப்புநீர் பூசித் தேடலாம்: முதலில் வால்வு, அடுத்து ரப்பர் குழாயின் இணைப்புகள், கடைசியாக டேங்க். இங்கே குற்றவாளி வால்வின் ரப்பர் இருக்கையில் மாட்டிய மணல்.

புளோயரை நீருக்கு எட்டாத உயரத்தில், ஜெட்டியின் மேல் வைக்க வேண்டும். காற்றுக்குழாய் ஒரு வளைவு மேலே போய் இறங்கினால் நீர் திரும்பி வராது. அதற்கான மின்னிணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம். ஜெட்டியில் கசியும் மின்சாரம் நீந்துபவரைச் செயலிழக்கச் செய்து மூழ்கடிக்கும். நன்னீரில் மனித உடல் நீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால் ஆபத்து இன்னும் கூடுதல். லிஃப்டின் சட்டத்தில் உள்ள அனோடுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு முறை திரும்பியதும்

படகு லிஃப்டில் ஏறிய உடனே, உப்பு காயும் முன்பாக, அடிப்பாகத்துக்கும் தாங்குகட்டைகளுக்கும் நன்னீர். 50 லிட்டர் தாராளம். எஞ்சினைச் செங்குத்தாக இறக்கி, நன்னீரில் பத்து நிமிடம் அலசி, நீர் முழுக்க வடியும்வரை அப்படியே விட வேண்டும். தூக்கிய நிலையில் விட்டால் உள்ளே உப்புநீர் தேங்கும். ரசமட்டத்தை நடுத்தளத்தில் வைத்து அணியம் பின்பகுதியைவிடச் சற்று உயர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அடியிலுள்ள டிரெய்ன் பிளக்கைக் கழற்ற வேண்டும்.

பிளக்கைக் கழற்றுவது ஒரு சடங்கு அல்ல. இந்தப் படகில் மழை விழும் திறந்த பரப்பு ஏறக்குறைய 12 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,200 லிட்டர், அதாவது 1.2 டன். 2,148 கிலோவோடு சேர்த்தால் 3,000 கிலோ லிஃப்டின் எல்லை தாண்டிவிடும். அதுவும் அந்த நீர் நடுவில் நிற்காது; ஒரு பக்கம் ஓடிச் சேர்ந்து சாய்க்கும். கழற்றிய பிளக்கை எஞ்சின் சாவியோடு கோர்த்து வைத்தால், பிளக் இல்லாமல் படகை இறக்கும் விபத்து நேராது. ஜெட்டிக் கம்பத்தில் தொங்கவிடும் பழக்கம் நல்லதல்ல.

மேலே மூடும் தார்ப்பாய் அடிப்பாகம்வரை தொங்கக் கூடாது. பக்கவாட்டில் காற்று ஓட வழி விட்டு, பக்கச் சுவரோடு முடிய வேண்டும். பில்ஜின் (படகின் உள்ளே அடியில் நீர் சேரும் பள்ளத்தின்) மூடியைத் திறந்து வையுங்கள். ஃபைபரை உள்பக்கத்திலிருந்தும் ஈரம் தாக்கும், அங்கே தடுக்க ஜெல்கோட்டே கிடையாது.

படகு வெளியே போயிருக்கும்போது, தயாரிப்பாளர் அனுமதித்தால் வெறும் லிஃப்டை ஊதி மேலே எழுப்பி விடலாம். தாங்குகட்டைகளில் பாசி வராமல் இருக்கும். வெளியூர்த் துறையில் மூன்று நாளுக்கு மேல் தண்ணீரில் நிறுத்த வேண்டிய பயணமானால், பாலியூரித்தேன் பூசிய அடிப்பாகத்துக்கு அது ஏற்றதல்ல. அப்படிப்பட்ட பயன்பாடு அடிக்கடி இருந்தால் மேற்பூச்சையே மாற்ற வேண்டும், நீரிலிருந்து வெளியே வந்தாலும் வீரியம் குன்றாத தேயும் வகைப் பாசி எதிர்ப்புப் பெயிண்ட்டுக்கு. கடினமாக இறுகும் வகையில் பல, காற்றில் நீண்ட நாள் காய்ந்தால் வேலை செய்யாது.

புயல் எச்சரிக்கை வந்தால் லிஃப்ட் பாதுகாப்பான இடம் அல்ல. உயரத் தூக்கிய படகில் காற்று பிடிக்கும் பரப்பு அதிகம், அலை அடியில் புகுந்து கட்டையிலிருந்து கிளப்பிவிடும். கரைக்குக் கொண்டுபோய், டிரெய்லரில் கட்டி, பிளக்கைக் கழற்றி விட வேண்டும்.

பாலித்தீன் பட்டி மாற்றிய பன்னிரண்டாம் மாதம் மறுபடி கரையேற்றி அளந்தார்கள். கட்டை படும் இரண்டு பட்டைகளிலும் ஈரமானி காட்டியது, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பக்கச் சுவரின் அளவுதான். கொப்புளம் எங்கும் இல்லை. கட்டை முடியும் இடத்தில் இருந்த உட்குழிவு 3 மில்லிமீட்டரிலிருந்து 2-க்குக் குறைந்திருந்தது. முழுக்க நிமிரவில்லை, அடுத்த கரையேற்றத்தில் அதே நேர்கட்டையால் மறுபடி அளக்கக் குறிப்பில் எழுதப்பட்டது.